சீனாவில் தேநீர் எப்படித் தொடங்கியது?

தேயிலைப் பொட்டலங்களிலும் இணையத்திலும் அடிக்கடி தென்படும் கதை இது. கி.மு. 2737இல் ஷென்னோங் என்ற சீனப் பேரரசர் மரத்தடியில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். காற்றில் சில இலைகள் பறந்து வந்து பானையில் விழுந்தன. குடித்துப் பார்த்தார், தேநீர் பிறந்தது. ஷென்னோங் உழவையும் மூலிகை மருத்துவத்தையும் மக்களுக்குக் கற்றுத்தந்தவராகச் சீனர் போற்றும் தொன்மப் பாத்திரம். அவர் பெயரில் வழங்கும் மூலிகை நூலே ஹான் ஆட்சிக் காலத்தை (கி.மு. 206 – கி.பி. 220) ஒட்டித்தான் தொகுக்கப்பட்டது. 2737 என்ற ஆண்டு பிற்காலத்தவர் கணக்குப் போட்டு வைத்தது. அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, தோண்டி எடுத்ததிலிருந்தும் எழுதி வைத்ததிலிருந்தும் தொடங்கலாம்.

தொடங்கும்முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உலர்ந்த இலைமேல் வெந்நீர் ஊற்றி, சாறு இறங்கியதும் வடித்துக் குடிப்பது சீனாவிலேயே பிந்திய பழக்கம். 14ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் அது பொது வழக்கானது. அதற்கு முன்பு தேயிலையைக் கஞ்சிபோலக் கொதிக்க வைத்தார்கள். பிறகு கட்டியாக இறுக்கி, பொடித்து, உப்புப் போட்டுக் காய்ச்சினார்கள். அதன்பின் பொடியைக் கிண்ணத்திலேயே அடித்து நுரைக்க வைத்தார்கள். 'பழங்காலத் தேநீர்' என்று எங்கே படித்தாலும், இவற்றில் எது என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

செடியும் அதன் ஊரும்

தேயிலை என்பது ஒரே ஒரு தாவர இனம்: கமீலியா சினென்சிஸ். பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, ஊலாங் எல்லாம் இதே இலைதான். பறித்த பின் செய்யும் வேலைதான் வேறு. இதில் முக்கியமான வகைகள் இரண்டு. சிறிய இலையும் குளிர் தாங்கும் குணமும் கொண்ட சீன வகை ஒன்று. பெரிய இலையுடன், வெட்டாமல் விட்டால் மரமாகவே வளரும் அசாம் வகை மற்றொன்று. சீனாவின் தென்மேற்கில் யுன்னான், சிச்சுவான், குய்ச்சோ பகுதிகளும், அவற்றை ஒட்டிய வட மியான்மரும் அசாமும் சேர்ந்த மலைப்பரப்புதான் இச்செடியின் தாயகம் என்று கருதப்படுகிறது. அமில மண், நல்ல மழை, கடுங்குளிர் இல்லாத மலைச்சரிவு ஆகியவை இதற்கு வேண்டும். மஞ்சள் ஆற்றுச் சமவெளியில் இவை வாய்க்கவில்லை. பழைய சீன அரசுகளின் தலைநகரங்கள் இருந்ததோ அந்த வடக்கில். தேநீரின் தொடக்க வரலாறு ஏறக்குறைய முழுவதும் தெற்கிலிருந்து வடக்குக்கு ஏறிய கதைதான்.

இன்றும் அந்தத் தென்மேற்கு மலைகளில் தேயிலையைக் குடிப்பதோடு தின்னவும் செய்கிறார்கள். யுன்னானின் ஜினோ மக்கள் பச்சை இலையைக் கசக்கி, உப்பும் மிளகாயும் பூண்டும் சேர்த்துப் பிசைந்து உண்கிறார்கள். மியான்மரில் புளிக்க வைத்த தேயிலையைப் பருப்பு, எள்ளுடன் கலந்து சாப்பிடுகிறார்கள். தேயிலை முதலில் உணவாகவும் மருந்தாகவும் இருந்து, பிறகு பானமாக மாறியது என்ற கருத்துக்கு இது துணை நிற்கிறது. மெய்ப்பித்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன்; இன்றைய பழக்கத்தை வைத்து 3000 ஆண்டுக்கு முந்தையதை அளப்பதில் எப்போதும் ஒரு சறுக்கல் உண்டு.

மண்ணுக்குள் கிடைத்தவை

சியான் நகருக்கு அருகே ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறை வளாகம் இருக்கிறது. அவர் இறந்தது கி.மு. 141இல். அங்கே பொருட்கள் புதைத்த குழியொன்றில் தினை, நெல் முதலிய தானியங்களோடு இறுகிப்போன இலைத்திரள் ஒன்று கிடைத்தது. அதில் காஃபீனும், தேயிலைக்கே உரிய தியானின் என்ற அமினோ அமிலமும் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்து 2016இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் இளம் மொட்டுகள், தேர்ந்தெடுத்துப் பறித்தவை. பேரரசரோடு புதைக்கும் அளவுக்கு அது மதிப்புள்ள பொருளாக இருந்திருக்கிறது. ஆனால் தானியக் குவியலுக்குள் கிடந்ததால், அதைக் குடித்தார்களா, சமைத்தார்களா, மருந்தாக வைத்திருந்தார்களா என்று அந்தக் குழியால் சொல்ல முடியாது.

அந்தக் குறையை 2021இல் வெளியான இன்னொரு கண்டுபிடிப்பு ஓரளவு தீர்த்தது. ஷாண்டோங் மாகாணத்தின் சோசெங்கில், போரிடும் அரசுகள் காலத் தொடக்கத்துக் கல்லறையில், கவிழ்ந்து கிடந்த கிண்ணத்துக்குள் கருகிய இலை எச்சம் இருந்தது. வேதியியல் ஆய்வில் அது கொதிக்க வைத்த தேயிலையின் சக்கை என்று தெரிந்தது. வயது ஏறக்குறைய 2400 ஆண்டுகள். தேயிலையைக் காய்ச்சியதற்கு இன்று கையில் இருக்கும் மிகப் பழைய பொருட்சான்று இதுதான்.

எழுத்தில் முதல் தேநீர்

பழைய நூல்களில் தேயிலையைத் தேடும்போது ஒரு சிக்கல் வரும். தேநீருக்கு இன்று வழங்கும் சீன எழுத்து தாங் ஆட்சிக் காலத்தில்தான் (618–907) நிலைபெற்றது. அதற்கு முன் அதைவிட ஒரு கோடு கூடுதலான எழுத்தைப் பயன்படுத்தினார்கள். அதே எழுத்து கசப்புக் கீரைகளையும் குறித்தது. ஆகவே பழம்பாடல் ஒன்றில் அந்த எழுத்து வந்தாலே தேநீர் என்று துள்ளக் கூடாது. சூழலைப் பார்க்க வேண்டும்.

சூழல் தெளிவாக இருக்கும் முதல் ஆவணம் நகைச்சுவைக்காக எழுதப்பட்டது. கி.மு. 59இல் சிச்சுவானில் வாங் பாவ் என்ற எழுத்தாளர், வம்புபேசும் ஓர் அடிமையை 15,000 காசுக்கு வாங்கியதாகவும், அவன் செய்ய வேண்டிய வேலைகளை ஒன்றுவிடாமல் எழுதி ஒப்பந்தம் போட்டதாகவும் வேடிக்கையாக எழுதி வைத்தார். பட்டியலைக் கேட்ட அடிமை, இதற்குப் பதில் மண்ணுக்குள் போய்ப் படுத்து மண்புழுவுக்கு நெற்றியைக் கொடுப்பதே மேல் என்று அழுகிறான். அந்தப் பட்டியலில் இரண்டு வேலைகள் நமக்கு முக்கியம்: தேநீர் காய்ச்சிப் பாத்திரங்களை ஒழுங்கு செய்வது, வூயாங் என்ற ஊருக்குப் போய்த் தேயிலை வாங்கி வருவது. முதல் வரியில் வருவது கீரையாக இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. இரண்டாவதை அப்படித் தள்ள முடியாது. கொல்லையில் முளைக்கும் கசப்புக் கீரைக்காக ஆளை வெளியூர்ச் சந்தைக்கு அனுப்ப மாட்டார்கள். கி.மு. முதல் நூற்றாண்டுச் சிச்சுவானில் தேயிலை காசு கொடுத்து வாங்கும் சரக்காகிவிட்டது என்பதுதான் இந்த வேடிக்கை எழுத்து தரும் செய்தி.

சிச்சுவானை வடக்கின் சின் அரசு கி.மு. 316இல் கைப்பற்றியது. அதன் பிறகுதான் தேநீர்ப் பழக்கம் வெளியே தெரியவந்தது என்று 17ஆம் நூற்றாண்டு அறிஞர் கூ யான்வூ எழுதினார். அங்கிருந்து யாங்சி ஆற்றோடு அது கிழக்கே இறங்கியது. 3ஆம் நூற்றாண்டில் வூ அரசின் மன்னன் சுன் ஹாவ், தன் விருந்தில் ஒவ்வொருவரும் ஏழு ஷெங் (சீன முகத்தல் அளவு) மது குடித்தே தீர வேண்டும் என்று வற்புறுத்துவானாம். குடி தாங்காத அறிஞர் வெய் சாவுக்கு மட்டும் மதுவுக்குப் பதில் கமுக்கமாகத் தேநீர் கொடுத்து உதவினான் என்று வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. (பின்னாளில் அதே மன்னன் அவரைக் கொன்றுவிட்டான்.)

அக்காலத் தேநீர் எப்படி இருந்தது? அந்நூற்றாண்டினது என்று மேற்கோள் காட்டப்படும் குறிப்பொன்று செய்முறையைச் சொல்கிறது. இலையைப் பறித்துக் கட்டியாக்குவார்கள். முற்றிய இலை ஒட்டாது என்பதால் அரிசிக் கஞ்சி சேர்த்துப் பிடிப்பார்கள். குடிக்கும்போது கட்டியைச் சிவக்கச் சுட்டு, இடித்து, மண்பாண்டத்தில் போட்டு வெந்நீர் ஊற்றி, வெங்காயம், இஞ்சி, ஆரஞ்சுத் தோல் சேர்ப்பார்கள். நம் நாக்குக்கு அது தேநீரைவிட ரசத்துக்குத்தான் பக்கம்.

வடக்கு அவ்வளவு எளிதில் ஏற்கவில்லை. 493இல் தெற்கிலிருந்து வட வெய் அரசுக்குத் தஞ்சம் வந்த வாங் சூ என்ற பிரபு, ஆட்டிறைச்சியையும் தயிரையும் தொடாமல் மீன் குழம்பும் தேநீருமாக இருந்தார். சில ஆண்டுகளில் வடக்கத்திப் பழக்கத்துக்கு மாறிய அவர், அரசன் கேட்டபோது, தேநீர் தயிருக்கு அடிமையாக இருக்கக்கூடத் தகுதியற்றது என்று முகத்துதியாகச் சொன்னார். அங்கே வெகுகாலம் தேநீருக்கு 'தயிரின் அடிமை' என்றே கேலிப்பெயர் நிலைத்தது.

வடக்கு வசப்பட்ட விதம்

இந்த ஏளனம் இருநூறு ஆண்டுகளில் மறைந்ததற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று போக்குவரத்து. சுய் அரசு 605 முதல் 610 வரை பெருங்கால்வாயை இணைத்து முடித்ததும், தெற்கின் சரக்கு படகிலேயே வடக்குக்குப் போக வழி கிடைத்தது. இரண்டாவது பௌத்த மடங்கள். 8ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஃபெங் யான் இதைத் தெளிவாகவே விவரிக்கிறார்: 713–741 காலத்தில் தைஷான் மலைப் பகுதியின் லிங்யான் மடத்தில் சான் என்ற பௌத்தப் பிரிவின் தியானத்தைக் கற்பித்தவர், சீடர்கள் தூங்கக் கூடாது, மாலையில் உண்ணக் கூடாது என்று விதித்தார், தேநீர் மட்டும் குடிக்கலாம். சீடர்கள் எங்கே போனாலும் தேயிலையைச் சுமந்து போய்க் காய்ச்சிக் குடித்தார்கள். பார்த்தவர்கள் பழகினார்கள். தலைநகர் வரை ஊர்களில் கடைகள் திறந்து, காய்ச்சிய தேநீரைக் காசுக்கு விற்றார்கள். பசித்த வயிற்றோடு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய துறவிக்குக் காஃபீன் செய்யும் உதவியை விளக்க வேண்டியதில்லை.

அரசாங்கத்தின் கண்ணும் பட்டது. 782இல் முதல் தேயிலை வரி வந்து விரைவில் நீக்கப்பட்டது. 793இல் பத்தில் ஒரு பங்கு என்று மீண்டும் வந்த வரி நிலைத்துவிட்டது. 835இல் வாங் யா என்ற அமைச்சர், தனியார் தோட்டத்து மரங்களைப் பிடுங்கி அரசுத் தோட்டத்தில் நடச் சொல்லும் அளவுக்குப் போனார். அதே ஆண்டு அரண்மனைக் கலவரத்தில் அவர் கொல்லப்பட, திட்டமும் போயிற்று.

லூ யூவின் முறை: படிப்படியாக

தாங் காலத் தேநீரைப் பற்றி நமக்கு இவ்வளவு நுணுக்கமாகத் தெரிவதற்குக் காரணம் ஒரே ஆள். லூ யூ (733–804), இன்றைய ஹூபெய் மாகாணத்தின் தியான்மென் ஊர்க்காரர். அநாதையாகக் கிடைத்து மடத்தில் வளர்ந்தவர். 760களிலிருந்து எழுதித் திருத்திய அவருடைய 'தேநீர் நூல்' பத்து அத்தியாயம், 7000 எழுத்துகளை ஒட்டிய சிறு புத்தகம். தேயிலைக்கென்றே எழுதப்பட்ட முதல் நூல். கவித்துவமான நூல் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பெரும்பாலும் தொழிற்கையேடாகவே படுகிறது. அதன் சிறப்பும் அதுதான்.

சீன மாதக் கணக்கில் 2, 3, 4ஆம் மாதங்களில் பறிக்க வேண்டும். மழை நாளிலும், மழையில்லாமல் மேகம் மூடிய நாளிலும் பறிக்கக் கூடாது. பிறகு ஏழு வேலைகள்: பறித்தல், ஆவியில் அவித்தல், இடித்தல், அச்சில் அடித்தல், நெருப்பில் உலர்த்தல், துளையிட்ட கட்டிகளைக் கோத்தல், மூடி வைத்தல். அவிப்பதுதான் இதில் உயிர்நாடி. பறித்த இலையிலுள்ள நொதிகள் காற்றுபட்டதும் அதைப் பழுப்பாக்கத் தொடங்கும். ஆவியின் சூடு அந்த நொதிகளைச் செயலிழக்கச் செய்து பச்சை நிறத்தைக் காக்கும். அவித்த மொட்டுகளை மூன்று கிளை பிரிந்த குச்சியால் உதறிப் பரப்பச் சொல்கிறார், சாறு ஒழுகி வீணாகாமல் இருப்பதற்கு.

குடிக்கும் நாளில் முதல் வேலை கட்டியைச் சுடுவது. கட்டி ஈரத்தை இழுத்திருக்கும். ஈரக் கட்டியை அரைத்தால் பொடியாகாது. காற்றடிக்கும் இடத்திலும் அணையப்போகும் நெருப்பிலும் சுடக் கூடாது. தழல் ஆடினால் சூடு ஒருபக்கமாக ஏறும். நெருப்புக்கு நெருக்கமாகப் பிடித்து அடிக்கடி திருப்ப வேண்டும். மேற்பரப்பு தேரையின் முதுகுபோலக் கொப்புளித்ததும், ஐந்து சீன அங்குலம் விலக்கிப் பிடித்து, சுருண்டது இளகிய பிறகு மறுபடி சுட வேண்டும். எரிபொருளுக்கு மரக்கரிதான் முதல் தேர்வு, அது இல்லாவிட்டால் வைரமான விறகு. இறைச்சி வாட்டிய கரியும், பிசின் உள்ள மரமும், உளுத்த பழைய மரச்சாமானும் ஆகாது. அந்த வாடை அப்படியே தேயிலைக்கு ஏறும். சுட்ட கட்டியைச் சூட்டோடு தடித்த வெள்ளைக் காகிதப் பையில் போட்டு, மணம் வெளியேறாமல் ஆறவிட வேண்டும்.

ஆறியபின் மர உருளை ஓடும் தொட்டியில் அரைத்துச் சல்லடையில் சலிப்பார்கள். இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். ஜப்பானியரின் மட்சா என்ற பொடித் தேயிலைபோல மாவாக அரைத்தார்கள் என்று எழுதுவோர் உண்டு. லூ யூவோ நல்ல பொடி நுண்ணரிசிபோல் இருக்க வேண்டும், பச்சைத் தூசியாகப் பறப்பது பொடியே இல்லை என்கிறார்.

தண்ணீரில் மலையூற்று முதல், ஆறு அடுத்தது, கிணறு கடைசி. கொதி மூன்று நிலை:

முதல் கொதியில் மீன்கண்போலக் குமிழி வந்து மெல்லிய ஓசை கேட்கும். அப்போது தண்ணீரின் அளவுக்கேற்ப உப்பு. மேலே கறுப்பு அப்பிரகம்போலப் படலம் கட்டினால் எடுத்துக் கொட்டிவிட வேண்டும், சுவையைக் கெடுக்கும். இரண்டாம் கொதியில் பாத்திர விளிம்பில் குமிழிகள் முத்துக்கோவையாக எழும். ஓர் அகப்பை வெந்நீரை எடுத்து ஒதுக்கி வைத்து, மூங்கில் குச்சியால் நடுவில் சுழற்றி, அந்தச் சுழியின் மையத்தில் பொடியைப் போட வேண்டும். சுழலாத நீரில் போட்டால் பொடி மேலே மிதந்து கட்டி தட்டும். மூன்றாவதாக அலையடித்துப் பொங்கும்போது, ஒதுக்கிய வெந்நீரைத் திரும்ப ஊற்றினால் கொதி அடங்கி நுரை நிலைக்கும். இதையும் தாண்டிக் கொதித்த நீர் கிழடாகிவிட்டது, குடிக்கத் தகாது என்பது அவர் தீர்ப்பு.

அளவும் தருகிறார். ஒரு ஷெங் தண்ணீருக்கு ஒரு சதுர அங்குலக் கரண்டிப் பொடி. இலேசாகக் குடிப்பவர் குறைக்கலாம், கடுமையாகக் குடிப்பவர் கூட்டலாம். தாங் காலத்துப் பெரிய ஷெங் இன்றைய கணக்கில் சுமார் 600 மி.லி. அதை ஐந்து கிண்ணமாகப் பகிர வேண்டும். முதல் மூன்றே சிறந்தவை. நுரையைச் சமமாகப் பங்கிட்டுச் சூடாகக் குடிக்க வேண்டும், ஆறினால் சத்து ஆவியோடு போய்விடும். கிண்ணத்துக்கு யுவே சூளையின் பச்சை மெருகைத்தான் விரும்பினார். சிங் சூளையின் வெள்ளைக் கிண்ணத்தில் அந்தத் தேநீர் சிவந்து தெரிந்தது.

வெங்காயம், இஞ்சி, இலந்தை, ஆரஞ்சுத் தோல், புதினா போட்டுக் காய்ச்சும் பழைய வழக்கத்தை அவர் ஒரே வீச்சில் தள்ளினார்: அது சாக்கடையில் கொட்டும் நீர். உப்பை மட்டும் விட்டுவைத்தது ஏன் என்று அவர் சொல்லவில்லை.

இது வெறும் ஏட்டு விவரம் இல்லை என்பது 1987இல் தெரிந்தது. ஷான்சி மாகாணத்தின் ஃபாமென் கோயிலில் இடிந்த கோபுரத்தின் அடியில், 874இல் மூடப்பட்ட நிலவறை திறக்கப்பட்டபோது, அரண்மனைத் தேநீர்ச் சாமான்கள் வெளிவந்தன: கட்டி வைக்கும் பின்னல் கூடை, பொன்முலாம் பூசிய வெள்ளி அரைதொட்டி, இழுப்பறையோடு கூடிய சல்லடை, உப்புத் தாங்கி. லூ யூ மரத்தில் சொன்னதை அரண்மனை வெள்ளியில் செய்துகொண்டது.

பிறகு நடந்தது, சுருக்கமாக

சோங் காலத்தில் (960–1279) மையம் ஃபூஜியானுக்குப் போனது. பொடியைச் சட்டியில் காய்ச்சாமல், கிண்ணத்தில் இட்டு வெந்நீர் ஊற்றி மூங்கில் துடைப்பத்தால் அடித்தார்கள். நுரை வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்காக, லூ யூ பாடுபட்டுக் காத்த சாற்றை இவர்கள் செக்கிலிட்டுப் பிழிந்து எறிந்தார்கள். வெள்ளை எடுப்பாகத் தெரியக் கறுப்புக் கிண்ணம். போட்டியில் யாருடைய நுரை முதலில் கலைந்து கிண்ண விளிம்பில் நீர்க்கோடு தெரிகிறதோ அவர் தோற்றவர். பேரரசர் ஹுய்சோங்கே 1107இல் இதைப் பற்றி நூல் எழுதினார். ஜப்பானியத் துறவி எய்சாய் 1191இல் நாடு திரும்பியபோது கொண்டுபோன பொடித் தேநீர் முறைதான் அங்கே மட்சாவாக வளர்ந்தது.

சீனாவில் அது நிலைக்கவில்லை. கட்டித் தேயிலை செய்வது உழைப்பை உறிஞ்சும் வேலை. மிங் அரசின் முதல் பேரரசர் 1391இல், அரண்மனைக்குக் கட்டி அனுப்ப வேண்டாம், உதிரி இலையே போதும் என்று ஆணையிட்டார். அதன்பின் இலையை வாணலியில் வறுத்து உலர்த்துவதும், வெந்நீரில் ஊறவைப்பதும், அதற்கான சிறு கெண்டிகளும் பெருகின. கறுப்புத் தேயிலையும் ஊலாங்கும் இதற்கும் பிந்தியவை.

லூ யூ முறையை வீட்டில் முயல

நம் கடைகளில் கிடைக்கும் குருணைக் கறுப்புத் தேயிலை இதற்கு உதவாது. கொதிக்க வைத்தால் துவர்ப்பும் கசப்புமே மிஞ்சும். ஆவியில் அவித்த பச்சைத் தேயிலை வேண்டும். ஜப்பானியச் சென்சா அப்படிச் செய்ததுதான். வெறும் வாணலியில் மிகச் சிறு தீயில் மணம் எழும்வரை புரட்டி, மூடி ஆறவைத்து, ரவைப் பதத்துக்கு இடித்துச் சலிக்கவும். 600 மி.லி. தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிப் பொடியில் தொடங்கிக் கூட்டிக் குறைக்கலாம். உப்பு ஒரு சிட்டிகை. காய்ச்சுவது மேலே சொன்ன மூன்று கொதிப்படியே. நாக்கில் உப்பு தெரிந்தால் கூடிவிட்டது என்று பொருள். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் செய்தால் நிறம் மங்கி மேலே ஏடு படியும், ஆகவே மென்னீர் எடுக்கவும். பொடி விழுந்தபின் அரை நிமிடத்துக்குமேல் பொங்க விட வேண்டாம். நுரை எழாவிட்டால் பெரும்பாலும் பொடி பழையது, அல்லது சுழி அடங்கிய பிறகு போட்டிருப்பீர்கள். அடியில் தங்கும் மண்டியைக் கடைசிக் கிண்ணத்தோடு விட்டுவிடலாம்.